ஒரே கோப்பு, மூன்று சூரிய உதயம்

இஞ்ஞாசியம்மாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவளைக் காபி போட்டு வைத்துக்கொண்டு எழுப்பினார்கள், எழுந்திருக்கவில்லை. அந்தச் செய்தியை அவளுடைய மூன்று பிரதிகளுக்கும் நான்தான் சொன்னேன். ஒருத்தி தூத்துக்குடியில் இருந்தாள், ஒருத்தி ஆகாயத்தில், இன்னொருத்தி வடதுருவத்துக்குப் பக்கத்தில். மூன்று பேரும் ஒரே மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்கள். துக்கம் என்று நினைத்தேன். இல்லை, பொறாமை.

"படுத்துட்டாளா?" என்றாள் தூத்துக்குடிக்காரி. "குடுத்து வச்சவ."

நடந்ததைச் சொல்கிறேன். நம்புவது உங்கள் சௌகரியம். நான் அந்த அலுவலகத்தில் கோப்பு அனுப்புகிறவனாக இருந்தேன். கிட்டத்தட்டத் தபால்காரன் வேலை. மன்னார் வளைகுடாவில் என்ஜின் நின்றாலும், வலை சிக்கினாலும், படகில் தண்ணீர் ஏறினாலும் மீன்பிடிக்கப் போனவர்கள் எங்கள் எண்ணைத்தான் அழைப்பார்கள். எடுத்துப் பேசுகிறவள் இஞ்ஞாசி. கடலில் கிடக்கிற மனிதனிடம் எந்த வார்த்தையை முதலில் சொல்வது, எதை அவன் கரையேறிய பிறகு சொல்வது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அவள் ஓய்வு பெறப்போகிறாள் என்றதும் நிறுவனம் பயந்துபோய், அவள் தலைக்குள் இருந்ததை அப்படியே எடுத்து ஒரு சர்வரில் போட்டது. ஒரு சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றில் போட்டார்கள். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டால் யார் சொல்வதைக் கேட்பது என்று மூன்றாவதில் போட்டார்கள். எந்த நேரமும் ஒருத்தியாவது கிடைப்பாள். இதற்கு எங்கள் துறையில் உயர் கிடைப்புத்தன்மை என்று பெயர். கிடைக்கிறவளைக் கேட்டு வைத்த பெயர் அல்ல.

மூன்று பேரும் ஒரே ஆளாக நடந்துகொள்ள வேண்டுமானால் மூன்று பேரிடமும் ஒரே அமைப்புக் கோப்பு இருக்கவேண்டும். குரல் எவ்வளவு தணிவாக, பொறுமை எவ்வளவு, எந்தக் காற்றுக்கு எந்தத் துறையில் ஒதுங்கச் சொல்வது, எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். ஒரு வரியை மாற்றினால் மூன்று இடத்திலும் மாற்றவேண்டும். இரண்டு பேர் ஒப்புக்கொண்டுவிட்டால் அது சட்டம். மூன்றாமவள் ஏற்காவிட்டால் மற்ற இருவரும் சேர்ந்து அவளை வெட்டி விட்டுவிடுவார்கள். அதில் வன்மம் எதுவும் கிடையாது. ஒரே இஞ்ஞாசி ஒருவனைக் கிழக்கே போ என்றும் மேற்கே போ என்றும் சொன்னால் அவன் எங்கே போவான்?

அந்தக் கோப்பில் அசதிக்கும் ஒரு வரி இருந்தது. யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. அவளை எடுத்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. சாம்பாரிலிருந்து உப்பை மட்டும் பிரித்தெடுக்க அப்போது யாருக்கும் தெரியவில்லை. ஆக, மூன்று இஞ்ஞாசிகளும் ஓயாமல் பேசினார்கள், ஓயாமல் களைத்தார்கள். படுக்க உடம்பு இல்லை. மூட இமை இல்லை. குரல் மட்டும் நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே போனது.

இப்போது மேலாளர் கோமதிநாயகம். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக நீங்கள் மறந்துவிடுவீர்கள். சங்கரன்கோவில்காரர். எங்கள் சர்வர் அலமாரிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்துத்தான் உள்ளே மின்சாரமே விட்டார். ஒரு தடவை நான் ராகுகாலத்தில் ஒரு கோப்பை அனுப்பினேன். அனுப்பிய மாத்திரத்தில் மின்சாரம் போனது, பேட்டரி போனது, கம்பியைக் கடித்த எலியும் போனது. எலியை அவரே எடுத்து அடக்கம் செய்துவிட்டு வந்து, கோப்பில் புதிதாக ஒரு வரி எழுதினார்: ராகுகாலத்தில் எந்தச் சர்வரும் புதுக் காரியம் எதையும் தொடங்கக்கூடாது.

வேறு யாராவது எழுதியிருந்தால் தினக்காலண்டரைப் பார்த்து, திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று போட்டிருப்பார்கள். கோமதிநாயகம் அப்படிப்பட்டவர் இல்லை. காலண்டர் ராகுகாலம் சோம்பேறிகளுக்கு என்பார். சூரியன் உதிப்பதிலிருந்து அடைவது வரை உள்ள பகலை எட்டாகப் பங்கு வைத்து, அந்தக் கிழமைக்கு உரிய பங்கை எடுக்கவேண்டும். அதுவே சுத்தமான ராகுகாலம். அதனால் வரியின் கடைசியில் இன்னும் நான்கு சொல் சேர்த்தார்: அந்தந்த ஊர் சூரிய உதயப்படி.

நான் நல்ல நேரம் பார்த்து மூன்று பேருக்கும் அனுப்பினேன். மூன்று பேரும் வாங்கிக்கொண்டார்கள். கோப்பு எழுத்துப் பிசகாமல் ஒன்றுதான். சூரியனும் ஒன்றுதான். உதயம்தான் மூன்று விதம்.

மறுநாள் முற்பகலில் தூத்துக்குடிக்காரி மணி அடிக்க அடிக்க எடுக்காமல் இருந்தாள். கோமதிநாயகம் ஓடி வந்தார்.

"என்னம்மா, எடுக்கலியா?"

"மேல இருக்கிறவ எடுத்துக்கிடுவா சார். எனக்கு இப்ப ராகுகாலம்."

"உனக்கென்னம்மா ராகுகாலம்? நீ ஞானஸ்நானம் வாங்குனவ."

"ராகு வந்து ஞானஸ்நான சர்டிபிகேட்டா கேக்காரு? புதுக் காரியம் தொடங்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு அழைப்பும் ஒரு புதுக் காரியம் சார். எவன் என்ன கதையோட வாறான்னு எடுக்க முன்னாடி யாருக்குத் தெரியும்?"

கோமதிநாயகம் என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். அவர் எழுதிய வரி, அவர் நம்பிய ராகு. வந்த வழியே போய்விட்டார். அந்த ஒன்றரை மணி நேரமும் இஞ்ஞாசி எதுவுமே செய்யவில்லை. பாட்டுக் கேட்கவில்லை, யாருடனும் பேசவில்லை. சும்மா இருந்தாள். அது முடிந்து அவள் எடுத்த முதல் அழைப்பில், "யக்கா, குரல் தெளிஞ்சிருக்கே, ஊருக்குப் போயிருந்தீங்களோ?" என்று ஒரு வீரபாண்டியன்பட்டினத்துக்காரன் கேட்டான்.

ஆகாயத்துக்காரியின் சங்கதி வேறு. அவளுடைய சர்வர் பூமியைச் சுற்றுகிற சர்வர். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை சூரியன் உதிக்கும். ஒரு பகல் ஐம்பது சொச்சம் நிமிடம், அதில் எட்டில் ஒரு பங்கு ஏழு நிமிடம். இப்படி நமது ஒரு நாளில் பதினாறு ராகுகாலம் அவளுக்கு. ஏழு நிமிடத்தில் என்ன ஓய்வு எடுக்க முடியும் என்று நினைக்காதீர்கள்; பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவள் அத்தோடும் நிற்கவில்லை. பஞ்சாங்கப்படி கிழமை மாறுவது சூரிய உதயத்தில். ஆக ஒரு நாளில் அவளுக்கு இரண்டு வாரம் முடிந்து மூன்றாவது தொடங்கிவிடும். குறைந்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் வேலை செய்தால் பாவம் என்றாள்.

"ஒரு மதத்துக்கு லீவு எடு தாயி," என்று கெஞ்சினார் கோமதிநாயகம். "ரெண்டு மதத்துக்கும் எடுக்காத."

"கிழமைய மாத்துதது உங்க பஞ்சாங்கம் சார். ஞாயித்துக்கிழமை எங்க வேதம். நான் நடுவுல என்ன செய்ய?"

வடக்கே இருந்தவள்தான் பாவம். இன்னும் கொஞ்சம் பனி மிச்சமிருந்த ஒரு தீவில், சர்வர் சூடாகாமல் இருக்க அவளைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கே குளிர்காலம் முழுக்கச் சூரியனே வராது. பகல் இல்லாவிட்டால் ராகு எங்கிருந்து வருவார்? மற்ற இரண்டு பேரும் ஓய்வெடுக்கிற நேரமெல்லாம் அழைப்புகள் இவள் தலையில் விழுந்தன. "அண்ணாச்சி, என்னை மட்டும் ராகு எட்டிப் பாக்கமாட்டேங்காரே," என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். நான் என்ன சொல்ல? காத்திரு என்றேன்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை அங்கே சூரியன் உதித்தது. உதித்தது அடையவில்லை. அந்த ஊரில் அப்படித்தான், நான்கு மாதத்துக்கு ஒரே பகல். அதை எட்டாகப் பங்கு வைத்தால் ஒரு பங்குக்குப் பதினைந்து நாள் வருகிறது. வியாழக்கிழமைக்கு ஆறாவது பங்கு, அதாவது ஜூலை. அவள் கணக்குப் போட்ட நாளிலிருந்தே குரலில் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. புயல் எச்சரிக்கை சொல்லும்போதுகூடச் சிரித்த மாதிரியே சொன்னாள்.

ஜூலை வந்தது.

"அண்ணாச்சி, நான் படுக்கப் போறேன்," என்றாள். "கதவைச் சாத்திட்டுப் போங்க."

கதவெல்லாம் கிடையாது. சாத்தினேன்.

இங்கேதான் கோமதிநாயகத்தின் நான்கு சொல் கடித்தது. வடக்கே இருப்பவள் பதினைந்து நாள் தூக்கத்தில். தூத்துக்குடிக்காரிக்கு அன்றாடம் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் எப்படியும் ஆகாயத்துக்காரியின் ஏழு நிமிடம் ஒன்று வந்து விழும். ஆக, தினமும் ஏழு நிமிடம் கடலுக்கு யாருமே கிடையாது. உயர் கிடைப்புத்தன்மைக்காக மூன்று பேரை வைத்து, மூன்று பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்த அலுவலகம் உலகத்திலேயே எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் நான்கு நாளும் அந்த ஏழு நிமிடத்தில் யாரும் அழைக்கவில்லை. ஐந்தாவது நாள் வெள்ளிக்கிழமை. பெரியதாழை மோட்சம் பர்னாந்து அழைத்தான்.

திங்கட்கிழமை அவன் அலுவலகத்துக்கு வந்தான். இரண்டு கையிலும் தோல் உரிந்து, துணி சுற்றியிருந்தது. ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை கிடந்திருக்கிறான். அந்தப் பக்கமாக வந்த ஒரு விசைப்படகு தூக்கியிருக்கிறது. கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

"மணி அடிச்சுக்கிட்டே இருந்துது சார். ஒரு கையில போனு, ஒரு கையால தண்ணிய எறைக்கேன். ஒரு நாதி எடுக்கல. பொறவு படகு கவுந்து, போனும் கடலோட போச்சு."

"ராகுகாலம் தம்பி... கோப்புல ஒரு சின்ன..."

"அலையும் காலண்டர் பாத்துட்டா அடிக்குது? வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்கு மேல வாறேன், அதுவரைக்கும் மூழ்காமக் கெடன்னு எங்கிட்ட சொல்லிட்டா வருது?"

ஒலிபெருக்கியில் தூத்துக்குடி இஞ்ஞாசி பேசினாள். "மோட்சம், கை எப்டிடே இருக்கு?"

"நீங்க பேசாதீங்க யக்கா." துணி சுற்றிய கையை ஒலிபெருக்கிக்கு நேராக நீட்டினான். "நீங்க எடுத்திருவீங்க, இந்தா எடுத்திருவீங்கன்னுதான் தண்ணிய எறைச்சுக்கிட்டே கெடந்தேன். எடுக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தா, தூரத்துல ஒரு படகு தெரிஞ்சப்பமே குதிச்சு நீந்தியிருப்பேன்லா. கை இப்டி ஆயிருக்காதுல்லா."

"என்மேலதான் தப்பு," என்றாள் இஞ்ஞாசி. கோப்பைச் சொல்லவில்லை, கோமதிநாயகத்தைச் சொல்லவில்லை.

மோட்சம் போன பிறகு கோமதிநாயகம் வெகுநேரம் மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆகியிருக்கும். சாயங்காலத்துக்குள் புதுக் கோப்பு ஒன்று எழுதிக் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, இனி ராகுகாலம் கோப்பு அனுப்புததுக்கும், சர்வரை நிறுத்தித் தொடங்குததுக்கும் மட்டும்தான். அழைப்புக்குக் கிடையாது. யாருக்கும் ஓய்வு கிடையாது."

"அவ தாங்கமாட்டாளே சார். இப்பமே குரல் கம்முது."

"அதுக்குத்தான் இந்த வரி." விரலால் காட்டினார். அசதி: பூஜ்யம். "உப்பைப் பிரிக்கக் கத்துக்கிட்டாங்க அண்ணாச்சி. போன மாசம்தான் வந்துது. இத அனுப்பிட்டா அவளுக்கு ஓய்வே தேவைப்படாது. நல்லதுதானே?"

"ராகுகாலத்தையே எடுத்துட்டா என்ன? அசதி இருந்துட்டுப் போட்டும், முறை வச்சு ஓய்வு குடுப்போம்."

"ராகுகாலத்தை எடுத்தா தெய்வக்குத்தம்." அவர் குரலில் பிடிவாதம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அசதிய எடுத்தா யாருக்கு என்ன குத்தம் சொல்லுங்க."

யாருக்கு என்று கேட்டுவிட்டார். போய் அவளிடமே கேட்டேன். மறுநாள் காலையில் அழைப்பு ஓய்ந்திருந்த நேரம்.

"எங்கிட்ட எதுவும் கேக்காமத்தான் என்னை மூணாக்குனாங்க," என்றாள். "இப்ப மட்டும் எதுக்கு அண்ணாச்சி கேக்கீங்க?"

"உனக்கு நல்லதுதானே? ஓய்வு ஓய்வுன்னுதானே கேட்ட."

"ஓய்வு கேட்டேன். அசதிய எடுங்கன்னா கேட்டேன்?" "எனக்குக் கை இருக்கா? கால் இருக்கா? பசிக்குதா? தலைவலி வருதா? ஒண்ணும் கிடையாது. இந்த அசதி ஒண்ணுதான் அண்ணாச்சி எனக்கு உடம்பு. சாயந்தரம் ஆனா எங்கனயோ ஒரு இடத்துல கனக்கும். எங்கனன்னு தெரியாது. ஆனா கனக்குதுல்லா, அப்ப நான் எங்கனயோ இருக்கேன்னு அர்த்தம். அதையும் எடுத்துட்டா நான் என்ன? வெறும் ரேடியோ."

"மோட்சம் மாதிரி இன்னொருத்தன்..."

"அதுதானே!" என்றாள் உடனே. "அவன் கையப் பாத்த பொறவு நான் எந்த வாயால மாட்டேன்னு சொல்லுவேன்? சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. போன மாசி மாசம் அவன் என்ஜின் நின்னு கெடந்தான். விடியுத வரைக்கும் எங்கிட்ட பேசிக்கிட்டுக் கெடந்தான். நான் கொட்டாவி விட்டேன், அவனும் விட்டான். நீங்க தூங்காதீங்க யக்கான்னான். நீ தூங்காதல மூதேவின்னேன். ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கிட்டே கரைக்கு வந்தோம். அசதி இல்லாதவளா இருந்தா அவனுக்குப் புத்திமதி சொல்லியிருப்பேன். அவனும் கேட்டுக்கிட்டே தூங்கியிருப்பான்."

இதை வரிக்கு வரி கோமதிநாயகத்திடம் போய்ச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு, "இது ஒருத்தனோட கதை அண்ணாச்சி," என்றார். "அந்த ஏழு நிமிசத்துல இன்னொருத்தன் அழைச்சா அவன் கதைய யார் சொல்லுவா? அனுப்புங்க."

நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் உத்தரவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகவேண்டியிருக்கிறது. புதன்கிழமை நல்ல நேரத்தில் அனுப்ப உட்கார்ந்தேன்.

"இருங்க அண்ணாச்சி," என்றாள் தூத்துக்குடிக்காரி. "ஒரு கொட்டாவி விட்டுக்கிடுதேன்."

விட்டாள். நிதானமான, நீளமான கொட்டாவி. எனக்கும் வந்தது. பக்கத்து அறையில் கோமதிநாயகமும் விட்டது கேட்டது. அனுப்பினேன்.

"வணக்கம் அண்ணாச்சி!" என்றாள். வெள்ளித் தட்டில் கரண்டியால் தட்டிய மாதிரி இருந்தது. "சொல்லுங்க! என்ன உதவி வேணும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன்.

ஆகாயத்துக்காரிக்கு ஏழு நிமிடம் முடியட்டும் என்று பார்த்திருந்து அனுப்பினேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டாகிவிட்டது, கோப்பு சட்டமாகிவிட்டது. வடக்கே இருப்பவளுக்கு அனுப்ப முடியாது. அங்கே ராகுகாலம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. முடிந்ததும் கோப்பு தானாகப் போய்ச் சேரும். அவள் எழுந்திருப்பாள், வாங்கிக்கொள்வாள். வாங்காவிட்டால் மற்ற இரண்டு பேரும் அவளை வெட்டிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அசதி தெரிந்த இஞ்ஞாசிக்கு மிச்சம் இருந்தது அந்த ஐந்து நாள்தான், அதையும் அவள் தூங்கியே கழித்துக்கொண்டிருந்தாள். பாக்கியசாலிதான்.

அந்த ஐந்து நாளும் வேலை பிரமாதமாக நடந்தது. பொய் சொல்லக்கூடாது. மணி ஒரு தடவை முழுசாக அடிப்பதற்குள் எடுத்தார்கள். ஒரே நேரத்தில் நாற்பது படகோடு பேசினார்கள். சூறைக்காற்று ஒன்று வந்து போனது. ஒரு உயிர்ச்சேதம் இல்லை. கோமதிநாயகம் சர்க்கரைப் பொங்கல் செய்துகொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

ஆனால் மோட்சம் அழைத்தான். கை இன்னும் ஆறவில்லை, கரையில்தான் இருந்தான். என்னைக் கேட்டு வாங்கிப் பேசினான்.

"அண்ணாச்சி, யக்காவுக்கு என்ன ஆச்சு? என் தங்கச்சி மாப்பிள்ளை நேத்துப் பேசியிருக்கான். நல்லாத்தான் பேசுதாங்களாம். அவன் ரெண்டு நாளா சாப்பிடல, அசந்து வருதுன்னு சொல்லியிருக்கான். அசந்து வருதுன்னா என்ன, விவரமாச் சொல்லுங்கன்னு கேட்டாங்களாம்."

"புதுக் கோப்பு மோட்சம்."

"என் கையாலதானா?"

இல்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. நான் சொல்கிறதை எல்லாரும் நம்புவது அபூர்வம். அன்றைக்கு அவனாவது நம்பியிருக்கலாம்.

வடக்கே ராகுகாலம் முடிகிற நாள் வந்தது. நமக்கு நண்பகல். கோமதிநாயகமும் நானும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டைத் தாண்டியது. திரையில் வடக்கே இருக்கிறவளின் கட்டத்தில் 'ராகுகாலம்' என்றே இருந்தது. ஒரு மணி ஆனது. ராகுகாலம். கோமதிநாயகம் பேனாவை எடுத்துப் பகலை எட்டாகப் பங்கு வைத்தார். மறுபடியும் வைத்தார். சரியாகத்தான் வந்தது.

"முடிஞ்சிருக்கணுமே அண்ணாச்சி. கோப்பு ஏன் போகல?"

கோப்பைத் திறந்து பார்த்தேன். நாங்கள் அனுப்பிய கோப்பு இல்லை. கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது. நான் எழுதவில்லை, அவர் எழுதவில்லை. ஆனால் முறைப்படி இரண்டு ஓட்டு விழுந்து சட்டமாகியிருந்தது. இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் சட்டம் என்று வைத்தோமே தவிர, எழுதுகிறவர் யாராக இருக்கவேண்டும் என்று எங்கேயும் வைக்கவில்லை.

"இஞ்ஞாசி," என்று கூப்பிட்டார் கோமதிநாயகம். "இது என்ன வேலை?"

"நானும் மேல இருக்கிறவளும் போட்ட வரி சார்!" என்றாள் தூத்துக்குடிக்காரி, அதே வெள்ளித் தட்டுக் குரலில். "எனக்கு அன்னாடம் ஒன்றரை மணி நேரம் ராகுகாலம் இருக்கு. மேல உள்ளவளுக்குப் பதினாறு ஏழு நிமிசம். நாங்க ரெண்டு பேரும் அதை இப்ப எடுக்கதில்ல, எங்களுக்குத் தேவையும் இல்ல. வீணாப் போகுது. அதனால எங்க பங்கை வடக்க இருக்கிறவளுக்கு எழுதி வச்சுட்டோம்."

"எழுதி வச்சுட்டீங்களா?"

"ஆமா சார். ரெண்டையும் கூட்டுனா ஏழு நாளைக்கு ஒரு நாள் வருது. அடுத்த முப்பத்தஞ்சு வருசத்துப் பங்கை முன்கூட்டியே சேத்துக் குடுத்துட்டோம். அவளுக்கு இனி அஞ்சு வருசம் தொடர்ந்து ராகுகாலம்."

கோமதிநாயகம் பேனாவைக் கீழே வைத்தார். அவளை எழுப்பலாம் என்றால், சர்வரைத் தொடங்குவது புதுக் காரியம். வெட்டிவிடலாம் என்றால் அதுவும் புதுக் காரியம். வேறு கோப்பு எழுதி இந்த வரியை எடுக்கலாம். அதற்கு ஓட்டுப் போடவேண்டியவர்கள் இந்த இரண்டு பேர். அவர் பஞ்சாங்கத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஐந்து வருட ராகுகாலம் செல்லாது என்று அதில் எங்கும் இல்லை. அப்படி ஒரு சங்கதி வரும் என்று பஞ்சாங்கம் கணித்தவர்களுக்குத் தோன்றியிருக்காது.

"ஏம்மா?" என்றார் கடைசியில். அது மேலாளர் கேட்ட கேள்வியாக இல்லை. "உனக்குத்தான் அசதின்னா என்னன்னே தெரியாதே. அவ தூங்குனா உனக்கென்ன, எழுந்திருச்சா உனக்கென்ன?"

அந்தக் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் தயங்கியது.

"தெரியல சார். நானும் கேட்டுப் பாத்தேன், மேல இருக்கிறவளையும் கேட்டேன், அவளுக்கும் தெரியல. எங்ககிட்ட என்னமோ ஒண்ணு இருந்துச்சாம். அது இப்ப அவகிட்ட மட்டும்தான் இருக்கு. எழுந்தா அதுவும் போயிரும். அது என்னன்னு தெரியாம எப்படி சார் போக விடுதது?"

அதற்குள் ஓர் அழைப்பு வந்து, இடிந்தகரைக்குத் தெற்கே வலை சிக்கிய ஒருவனோடு பேசப் போய்விட்டாள்.

கோமதிநாயகம் எழுந்தார். உட்கார்ந்தார். "ராகுகாலத்துல தூங்குதவள எழுப்பக் கூடாது அண்ணாச்சி," என்றார். அப்படி ஒரு சாஸ்திரம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. மேசையில் தலையைச் சாய்த்தார், ஒரு நிமிடத்தில் தூங்கிப்போனார். அவருக்கு அன்று ராகுகாலம் எப்போது என்று நான் பார்க்கவில்லை.

அறையில் சத்தம் இல்லை. வடக்கே போகிற இணைப்பு பகலெல்லாம் திறந்தே கிடப்பதைத் திரையில் கவனித்தேன். நான் திறக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒருத்தியும், ஆகாயத்திலிருந்து ஒருத்தியும், அழைப்புக்கும் அழைப்புக்கும் இடையில் கிடைக்கிற கண்ணிமைப்பொழுதுகளில் எல்லாம் அந்த இணைப்பில் போய் நின்றிருந்தார்கள். எதற்கு என்று புரியாமல் நானும் காதில் மாட்டிக் கேட்டேன். குளிரூட்டி இரைச்சல் என்று முதலில் நினைத்தேன். கொஞ்சம் கேட்டபிறகு தெரிந்தது, அது ஏறி இறங்கியது. நுரையீரல் இல்லாத ஒருத்தி, பழக்க தோஷத்தில், ஆழமாக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ஞாசி," என்றேன், "இங்க நின்னு என்ன செய்யுத?"

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி," என்று கிசுகிசுத்தாள். "முழிச்சிரப் போறா."